முடி தானே, வளரும்

திருப்போரூரில் குழந்தைக்கு மொட்டை போட்ட அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது.

நான் இருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிற குழந்தைகள் ஹோமில் ஆயா. மடியில் பிடித்து உட்கார்ந்தது நான்தான்.

குழந்தை இருந்தாள். நாலு வயது முடிந்து இரண்டு மாதம். இடது கையில் மூன்று விரல்தான். பிறந்ததிலிருந்து அப்படி.

ஹோம் வேன் ஓட்டுகிற அண்ணாத்த இருந்தார். சந்தனம் குழைத்தவர் அவர்.

மொட்டை போடுகிறவர் இருந்தார். புது பிளேடைக் கண் முன்னால் பிரித்துப் போட்டார். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

மேடம் போனில் இருந்தார். ஹோமை நடத்துகிறவர். அண்ணாத்த ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். போட்டுட்டு வாங்க, நல்லதுதானே என்றார். எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

முருகனும் இருந்தார். அவரையும் விடப் போவதில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். நாற்று நட்ட குடும்பம். கட்டினவர் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஹோமுக்கு வந்து பதினோரு வருடம். குழந்தைகள் வரும், போகும். வளர்த்துக் கொடுக்கிற வேலை. அழாமல் கொடுப்பேன். கல்லு என்பார்கள். சொல்லட்டும்.

இவள் ஒன்றரை வயதில் வந்தாள். நம் ஊர் ஆட்கள் தத்தெடுக்க வந்து பார்த்தார்கள். முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். கையைப் பார்த்ததும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். ஒரு அம்மா பொம்மை வாங்கி வந்திருந்தாள். போகும்போது அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளைப் பிறகு ஒரு நாள் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் பார்த்தேன். வஞ்சிரத்தைத் தொட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டு அந்த மீனை வாங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு மீன் தேவையில்லை.

நான் அப்படித்தான். கோபத்தைக் கொட்ட மாட்டேன். வைத்துக்கொள்வேன்.

இவளுக்கு இரண்டரை வயதானபோது இத்தாலியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கையை அவர்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தோம். வீடியோவில் வந்தார்கள். அந்த அம்மா முதலில் அந்தக் கையைத்தான் காட்டச் சொன்னாள். நான் தூக்கிக் காட்டினேன். அவள் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். இவளும் ஆட்டினாள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஆல்பம் ஒன்று அனுப்பினார்கள். கெட்டி அட்டை. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அம்மா, அப்பா, வீடு, மாடிப்படி, நீலக் கட்டில், சடை சடையாக முடி தொங்குகிற ஒரு நாய். தினமும் மதியச் சோறு ஆனதும் நானும் அவளும் உட்கார்ந்து புரட்டுவோம். மம்மா. பப்பா. நாய்க்கு அவள் கை காட்டிவிட்டுத்தான் மூடுவாள்.

ஆறு மாதம் என்றார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. பைல் கட்டு ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போனது. சட்டம் மாறியது, அதனால் திரும்ப வந்தது. ஒரு கையெழுத்துப் போடவேண்டியவர் மாற்றலாகிப் போனார். மேடம் இதையெல்லாம் சொல்வார். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இன்னும் இல்லை. குழந்தை எப்போது என்று கேட்கும். வருவாங்க என்பேன். வேறு பேச்சு நான் பேசியதில்லை. வருவார்களா என்று எனக்குள் கேட்டுக்கொண்டதும் இல்லை. கேட்டால் அது குரலில் தெரிந்துவிடும். குழந்தைகளுக்குக் காது கூர்மை.

வீடியோவில் ஒரு தடவை அந்த அப்பா சுவரைக் காட்டினார். மேடம் இங்கிருந்து அனுப்புகிற உயரத்தை வைத்து அங்கே பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அஞ்சாறு கோடு, ஒன்றுக்கு மேல் ஒன்று. போகாமலே இவள் அந்த வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள்.

நான் முருகனிடம் சொன்னேன். தத்து ஆர்டர் வரட்டும், முடி கொடுக்கிறேன் என்று.

ஆர்டர் வந்தது. வேண்டுதலைக் கடன் வைக்கக் கூடாது என்று பத்தாம் நாள் போனோம். ஆர்டர் வந்தால் முடிந்தது என்று நினைத்தேன். என் தப்பு அதுதான். அதற்கப்புறம் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது, குழந்தையை நேரில் நிறுத்தி பைலில் இருக்கிற போட்டோவோடு ஒத்துப் பார்ப்பார்கள், பிறகுதான் பாஸ்போர்ட் என்று எனக்குத் தெரியாது. மேடத்துக்குத் தெரியும். போனில் சொல்ல மறந்துவிட்டார்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் அந்த ஆபீஸுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. பைல் பார்க்கிறவர் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவர். ஐம்பது வயதுக்கு மேல். கழுத்தில் அடையாள அட்டை. போட்டோவைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். போட்டோவில் நெற்றியில் வெட்டி விட்ட முடி, காதை மூடுகிற வரைக்கும் இருந்தது. எதிரே நிற்பவள் தலை சந்தன வாசனை போகாத மொட்டை.

"இது எந்தப் புள்ள?" என்றார்.

இதே பிள்ளைதான், வேண்டுதல் என்று சொன்னேன். யாரைக் கேட்டுப் பண்ணினீர்கள் என்றார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆயா தன் இஷ்டத்துக்குப் பண்ணிட்டாங்க சார்."

அண்ணாத்த கதவருகே நின்றிருந்தார். அவர் தொண்டையைச் செருமினது கேட்டது. குழந்தையின் இடது கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"கையப் பாருங்க சார். இந்தக் கை வேற எந்தப் புள்ளைக்குக் கீது?"

"கை போட்டோல இல்லம்மா."

மெடிக்கல் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் என்றார் மேடம். அது போன மாதமே காலாவதி, காலாவதியான பேப்பரை நான் பார்க்க முடியாது என்றார் அவர். புதிதாக எடுத்தால் அதிலும் மொட்டைப் போட்டோதான் ஒட்டுவார்கள். பைலில் போட்டோவை மாற்றினால் ஆர்டரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இத்தாலியில் அந்தப் புருஷன் பெண்டாட்டிக்குத் தத்தெடுக்கக் கொடுத்த அனுமதி இன்னும் எட்டு மாதம்தான். அது போனால் இவர்களும் இல்லை. குழந்தை மறுபடி பட்டியலில் கடைசி.

அவர் பைல் கட்டைக் கயிற்றால் கட்டினார். கட்டிக்கொண்டே சொன்னார்.

"முடி தானே, வளரும். வளந்ததும் இட்டுகினு வாங்க."

இந்த வார்த்தையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வேனில் திரும்பும்போது மேடம் ஏதோ சொல்ல வந்தார். லைசென்ஸ், இன்ஸ்பெக்‌ஷன் என்று. ஹோம் போனால் இருபத்திரண்டு குழந்தைகள் எங்கே போகும்? அது எனக்கும் புரியும். புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு. அன்றிலிருந்து மேடத்திடம் நான் சரி என்ற ஒரு வார்த்தைதான் பேசினேன். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு வார லீவு. அந்த ஆபீஸில் ஜனங்கள் மனுவோடு வருகிற நாளும் திங்கட்கிழமை. பெஞ்சு முழுக்க ஆள் இருக்கும். குழந்தையைத் திங்கட்கிழமைதோறும் கூட்டிப் போகக் கையெழுத்து வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். எதற்கு என்றார். முடி காட்ட என்றேன். யோசித்தார். அண்ணாத்த போனில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகும் மேடம் என்றேன். கையெழுத்துப் போட்டார். வேன் தர முடியாது என்றார். சரி என்றேன்.

பஸ்ஸில் போனோம். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட். குழந்தைக்கு டிக்கெட் இல்லை. அந்தச் சீட்டுகளை ஆல்பத்தின் பின் அட்டைப் பையில் போட்டு வைத்தேன். எதற்கென்று அப்போது தெரியாது. என்றைக்காவது ஆகும் என்று தோன்றியது.

முதல் திங்கட்கிழமை அவர் மேஜைக்கு நேர் எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தோம். கூப்பிட்டு இன்னாம்மா என்றார். முடி காட்ட வந்தோம் சார் என்றேன். குழந்தை போய்த் தலையைக் குனிந்து காட்டினாள். எள்ளு தூவின மாதிரி இருந்தது. வளர்ந்ததும் வா என்றுதானே சொன்னேன் என்றார். வளருது சார் என்றேன். போகச் சொன்னார். போகவில்லை. மனு கொடுக்கிற இடம், யாரும் உட்காரலாம். சாயங்காலம் வரை இருந்துவிட்டு வந்தோம்.

அடுத்த திங்கள். அதற்கடுத்த திங்கள்.

பெஞ்சில் இருப்பவர்கள் குழந்தையிடம் பேச்சுக் கொடுப்பார்கள். பட்டாவுக்கு வந்தவர்கள், பென்ஷனுக்கு வந்தவர்கள். எதுக்கு மொட்டை, எங்கே வந்தே என்று கேட்பார்கள். அவள் சத்தமாகச் சொல்வாள்: முடி வந்தா எங்கம்மா வருவாங்க, அந்த சார் வுடுவாரு. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். அவர் பைலுக்குள் குனிந்துகொள்வார். கேளம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு கிழவர் எழுந்து போய் அவரிடமே கேட்டுவிட்டார். முடிக்கும் கவர்மென்டுக்கும் இன்னா சார் சம்பந்தம் என்று. எனக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது.

மூன்றாவது மாதம் நான் ஒன்று கவனித்தேன். அவர் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருக்கிற போட்டோவில் தலை நிறைய முடி, சுருட்டை. இப்போது முன்னந்தலை பளபளவென்று இருந்தது. குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். மம்மா பப்பா சொல்லிக்கொடுத்த அதே பாயில் உட்கார்த்தி வைத்து.

திங்கட்கிழமை பெஞ்சு நிரம்பினதும் அவளைத் தட்டிவிட்டேன். நேரே போய் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அட்டையைக் காட்டினாள்.

"சார், போட்டோல முடி கீது. தலையில இல்ல. இது நீங்க இல்லியா?"

கூட்டம் சிரித்தது. பியூன் சிரித்தார். அவருக்கு முகம் கருத்தது. அட்டையைத் திருப்பிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். எனக்கு வேண்டியது கிடைத்தது. அதோடு அவள் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் தலையைத் தடவிக் காட்டினாள்.

"எனக்குந்தான் இல்ல சார். வளரும்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த திங்கள் அவர் லீவு. பியூனிடம் கேட்டேன். உடம்பு சரியில்லையாம். செவ்வாய்க்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணாத்தவிடம் ஒரு நாள் லீவு மாற்றிக்கொண்டதாகச் சொன்னபோது அவர் கேட்டார், "உனுக்கு அந்தப் புள்ள போவணுமா, அந்தாளு சாவணுமா, இன்னாமே வோணும்?" இரண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

செவ்வாய்க்கிழமை என்னைப் பார்த்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குழந்தையைக் கூப்பிட்டார். இழுப்பறையிலிருந்து மர ஸ்கேலை எடுத்தார். உச்சியில் ஒரு கொத்து முடியை நிமிர்த்திப் பிடித்து அளந்தார். மூன்று சென்டிமீட்டர் என்றார். மேஜைக் காலண்டரில் அந்தத் தேதியில் எழுதினார். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் இது நடந்தது. அவள் ஓடிப் போய்த் தலையைக் கொடுப்பாள். அளந்து எழுதுவார். முடி சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள். மிட்டாய் கொடுத்தார். நான் திரும்பக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிக்காதே என்று பஸ்ஸில் சொன்னேன். ஏன் என்றாள். என் கோபத்துக்கும் அவருக்கும் நடுவில் இவள் வந்து நின்றுகொண்டாள். அதற்காகவும் அவர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

இந்தக் காலத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, அங்கே நாய் செத்துவிட்டது. வயசான நாயாம். அவர்கள் வேறொரு நாய் வாங்கி அதன் படத்தை அனுப்பினார்கள். இது மழமழவென்று இருந்தது. மேடம் ஆல்பத்தில் ஒட்டச் சொன்னார். குழந்தை பார்த்தவுடனே சொன்னாள், இது வேற நாயி. நான், அதே நாய்தான், மொட்டை அடிச்சிருக்காங்க என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாருக்கு வேண்டுதல் என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். நம்பினாள். அன்றிலிருந்து அதற்கும் கை காட்டினாள். இந்தப் பொய்க்காக யாராவது என்னைக் கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று மாமல்லபுரத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கடற்கரைக்கு வேனில் கூட்டிப் போயிருந்தோம். சிலைக் கடைகள் வரிசையில் நடந்துகொண்டிருந்தோம். மிஷினில் கல் அறுக்கிற சத்தம். ஒரு கடையில் வெள்ளைக்காரி ஒருத்தி குட்டிப் பிள்ளையார் வாங்கிக்கொண்டிருந்தாள். இவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். மம்மா என்று கூப்பிட்டுக் காலைக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். குனிந்து தோளோடு அணைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். குழந்தை பல்லைக் காட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அது இத்தாலிக்குப் போகவேண்டிய சிரிப்பு. அண்ணாத்தவை விட்டு அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். சின்ன விஷயம், பாவம், நல்லாத்தானே எடுத்தாங்க என்றார். அழிக்கச் சொல்லு என்றேன். அழித்தாள். அழித்ததை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

வேனில் குழந்தை கேட்டது, அவுங்க இல்லியா? இல்ல என்றேன். இங்கே இவ்வளவு பேர் வர்றாங்களே, அதில ஒருத்தர் கூட இல்லியா? இல்ல. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, முடி தானே வளரும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஆளின் குரலிலேயே. அப்படிச் சொன்னால் எனக்குத் தெம்பு வரும்.

வீடியோவில் அந்த அம்மா ஒரு நாள் அழுதாள். பேசவே முடியவில்லை. அந்த அப்பா பேசினார், மேடம் எங்களுக்குத் தமிழில் சொன்னார். அனுமதியை நீட்டிக்கக் கேட்டார்களாம், முடியாது என்றுவிட்டார்களாம். வேறு குழந்தைக்கு மனுப் போடலாம் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். இவர்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மேடம் இதைச் சொல்லும்போது என் பக்கம் பார்த்தார். நான் சரி என்றேன். அன்றைக்கு அந்தச் சரியில் கொஞ்சம் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் நான் கொடுக்கவில்லை.

ஒரு வாரம் மழையில் பஸ் ஓடவில்லை. ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல். மற்றபடி விடவில்லை. விளக்கெண்ணெய் தேய்த்தேன், செம்பருத்தி அரைத்துப் போட்டேன். முடி தன் வேகத்தில்தான் வந்தது. அனுமதி முடிய மூன்று வாரம் இருந்தபோது அது காதின் மேல் நுனியைத் தொட்டு நின்றது. போட்டோவில் காதை மூடியிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை நான் பெஞ்சில் உட்காரவில்லை. அவளோடு மேஜைக்கே போனேன். இன்னும் மூணு வாரம்தான் சார் என்றேன். தெரியும் என்றார். காலண்டரைப் பார்த்தார். கட்டைப் பிரித்தார். போட்டோவை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

"காதுக்கு மேலயே நிக்குதேம்மா," என்றார்.

வாயைத் திறந்தால் கை நீண்டுவிடும் போல இருந்தது. பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. அளக்கிற நேரம் என்று நினைத்து மேஜைமேல் இருந்த ஸ்கேலை எடுத்து அவரிடம் நீட்டினாள். இடது கையால். மூன்று விரலும் ஸ்கேலை இறுக்கிப் பிடித்திருந்தன.

அவர் ஸ்கேலை வாங்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் சத்தம் கேட்டது. பிறகு பைலில் பின்பக்கமாகப் புரட்டினார். பழைய மெடிக்கல் ரிப்போர்ட்டை வெளியே எடுத்தார். அதில் ஒரு வரியில் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். இடது கையில் மூன்று விரல், பிறவியிலிருந்து. படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஏதோ கண்டுபிடித்த மாதிரி ஒரு வெளிச்சம்.

"பேப்பர்தான் காலாவதி ஆவும். கை காலாவதி ஆவாதும்மா."

ஒரு குறிப்பு எழுதினார். முத்திரை வைத்தார். பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள். குழந்தையும் தட்டினாள். அவர் கண் கலங்கியிருந்தது. எல்லாரும் நல்ல மனுஷன் என்றார்கள்.

நான் அந்தப் பேப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மடிப்புக் கலையாமல் இருந்தது. முதல் நாளே அது அந்தக் கட்டுக்குள் இருந்தது. முதல் நாளே அந்தக் கை இதே மேஜைமேல் இருந்தது. நான்தான் எடுத்து வைத்தேன்.

நன்றி சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். பாப்பா என்றைக்குப் போகிறாள், ஊரப்பாக்கத்தில் ஏறினால் ஏர்போர்ட் பக்கம்தான், ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன் என்றார். தேதி குறிக்கவில்லை சார் என்றேன். அதற்கப்புறம் தேதி குறித்தார்கள். மேடத்திடம் யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்றேன். அத்தனை மாதத்தில் மேடத்திடம் நான் பேசின நீளமான பேச்சு அதுதான். பாஸ்போர்ட் வந்தது. அவர்கள் கிளம்பி வந்தார்கள். இரண்டு தடவை ஹோமுக்கு அந்த ஆபீஸ்காரரே போன் போட்டார். அண்ணாத்த எடுத்தார். நான் சொல்லிவைத்தபடி தெரியாது என்றார்.

அவர்கள் ஹோமுக்கு வந்த நாளில் குழந்தை என் முந்தானைக்குப் பின்னால் நின்றாள். மாமல்லபுரத்தில் ஒரு தடவை ஏமாந்தவள். உள்ளே ஓடிப் போய் ஆல்பத்தை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து அந்த அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். படத்தில் தோளுக்குக் கீழே முடி. வந்திருப்பவளுக்குக் கழுத்தோடு வெட்டியிருந்தது. இவள் படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். என்னிடம் திரும்பினாள்.

"முடி வெட்டிகினாங்க ஆயா. அவுங்கதான்."

ஆல்பத்தை மூடிவிட்டு அவளிடம் போய்விட்டாள். அவ்வளவு நேரம்தான் ஆனது.

ஆல்பத்தை அவள் எடுத்துக்கொண்டு போனாள். பின் அட்டைப் பையில் இருந்ததை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை விமானம். நான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் கைக்குழந்தைகளுக்குப் பால் கலக்க வேண்டும், கலந்தேன். திருப்போரூருக்கும் இன்னும் போகவில்லை. மொட்டையை வாங்கிக்கொண்டு அவ்வளவு மாதம் உட்கார வைத்தவர்தானே. அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அடுத்த திங்கட்கிழமை செங்கல்பட்டுக்குப் போனேன். தனியாக. அதே பெஞ்சு. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் பக்கத்தில் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். கூப்பிட்டார். போய் நின்றேன்.

"பாப்பா எங்கம்மா?"

போயிட்டா சார், வியாழக்கிழமை என்றேன். சொல்லியிருக்கலாமேம்மா என்றார். இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார். குழந்தைகள் தலையில் குத்துகிற கிளிப்புகள். சிவப்பும் மஞ்சளும். முடி காதைத் தாண்டினதும் கொடுக்கலாம் என்று வாங்கி வைத்திருந்தாராம். அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டார்.

நான் அதைத் தொடவில்லை. என் பையிலிருந்து ரப்பர் போட்ட கட்டை எடுத்து அந்தக் கிளிப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு வந்த டிக்கெட்டை அதில் சேர்க்கவில்லை.

அவர் பிரித்துப் பார்த்தார். மிஷின் டிக்கெட். மை அழிந்து எல்லாம் வெள்ளையாக இருந்தது.

"இன்னாம்மா இது, வெத்துப் பேப்பரு?"

"பஸ் டிக்கெட்டு சார். போவ ஒண்ணு, வர ஒண்ணு. எண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. ஆபீஸ்காரர், விரலை ஈர ஸ்பாஞ்சில் தொட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு விட்ட இடத்திலிருந்து எண்ணினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அறுபத்திரண்டு.